தீனியும் மூச்சும்: நிலத்தின் ஆழத்து நுண்ணுயிரிகளிடம் வேலை வாங்குவது எப்படி?

ஜோகன்னஸ்பர்க்குக்குத் தென்மேற்கே உள்ள ம்போனெங் தங்கச் சுரங்கத்தில், 2.8 கிலோமீட்டர் ஆழத்துப் பாறைப் பிளவு ஒன்றிலிருந்து நீர் கசிந்துகொண்டிருந்தது. 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு. பிஎச் 9.3. கரைந்த ஆக்சிஜன் இல்லை. அந்த நீரில் 5,600 லிட்டரை வடிகட்டி, வடிகட்டியில் தங்கிய உயிரணுக்களின் டிஎன்ஏவைப் படித்தார்கள். 2008இல் வெளியான முடிவு நுண்ணுயிரியல் துறையையே நிமிர்ந்து உட்கார வைத்தது. கிடைத்த டிஎன்ஏவில் 99.9 விழுக்காட்டுக்கு மேல் ஒரே ஒரு பாக்டீரிய இனத்துடையது. வயல் மண் ஒரு சிட்டிகையில் ஆயிரக்கணக்கான இனங்கள் இருக்கும். இங்கே ஒன்றே ஒன்று தனிக்குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. டீசல்ஃபோரூடிஸ் ஆடாக்ஸ்வயேட்டர் என்று பெயரிட்டார்கள். ஏறத்தாழ 2,200 மரபணுக்களை வைத்துக்கொண்டு தனக்கு வேண்டிய கார்பனையும் நைட்ரஜனையும் தானே பிடித்து, அமினோ அமிலங்கள் அத்தனையையும் தானே செய்துகொள்கிறது.

இது எதைக் கொண்டு உயிர்வாழ்கிறது என்பதில்தான் இந்தத் துறை முழுவதும் அடங்கியிருக்கிறது. எந்த உயிருக்கும் இரண்டு பொருள்கள் வேண்டும்: எலக்ட்ரானைக் கொடுக்க ஒன்று, அதை வாங்கிக்கொள்ள ஒன்று. நமக்குச் சோறு கொடுக்கிறது. மூச்சில் இழுக்கும் ஆக்சிஜன் வாங்கிக்கொள்கிறது. கொடுப்பதைத் தீனி என்றும் வாங்குவதை மூச்சு என்றும் வைத்துக்கொள்வோம். ம்போனெங் பாக்டீரியாவின் தீனி ஹைட்ரஜன், மூச்சு சல்பேட். இரண்டுமே கதிரியக்கத்திலிருந்து வருகின்றன. பாறையிலுள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம் சிதையும்போது வெளிவரும் கதிர்கள் நீர் மூலக்கூறை உடைக்கின்றன. உடைந்ததில் ஒரு பங்கு ஹைட்ரஜன். இன்னொரு பங்கு ஹைட்ரஜன் பெராக்சைடாகி, அருகிலுள்ள பைரைட் என்ற இரும்பு-கந்தகக் கனிமத்தை ஆக்சிஜனேற்றி சல்பேட் ஆக்குகிறது. சூரியன் இல்லாமலே சமையல் நடக்கிறது.

சமையல் நடக்கிறதே தவிர, பந்தி மிகச் சிறியது. ஆழத்து உயிரணுக்கள் ஒருமுறை பிளவுபட ஆண்டுகள், சில இடங்களில் நூற்றாண்டுகள்கூட ஆகலாம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அவற்றின் இயல்பே மந்தம் என்றுதான் பலரும் எண்ணினார்கள். ஆனால் சைபீரியாவில் இரண்டு கிலோமீட்டர் ஆழக் கிணற்று நீரிலிருந்து இதே டீசல்ஃபோரூடிஸை எடுத்து ஆய்வகத்தில் வளர்த்தபோது, தீனியும் மூச்சும் தாராளமாகக் கிடைத்ததும், ஒரு நாளுக்குச் சற்று மேற்பட்ட நேரத்தில் அது இரட்டித்தது. மந்தத்துக்குக் காரணம் பசி. நிலத்தடி நுண்ணுயிரிகளால் மனிதருக்கு என்ன பயன் என்று கேட்பவர்கள் முதலில் மனத்தில் வாங்க வேண்டியது இதைத்தான். ஆழத்தில் ஆட்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். எந்தத் தீனியைக் கொடுக்கிறோம், எந்த மூச்சை அடைக்கிறோம் என்பதை வைத்து நடக்கும் வேலை மாறுகிறது. தெரியாமல் கொடுத்தாலும் அவை வேலை செய்யும். அந்த வேலை நமக்கு உதவுமா, நம்மைக் கெடுக்குமா என்பது வேறு கேள்வி.

எவ்வளவு ஆட்கள்? ஆழ்நிலக் கார்பனை ஆராய்ந்த பன்னாட்டுக் கூட்டு முயற்சி 2018இல் தந்த மதிப்பீடு இது: நிலத்துக்கும் கடலடிக்கும் கீழே வாழும் உயிர்களிலுள்ள கார்பன் 1,500 முதல் 2,300 கோடி டன். மனிதகுலம் முழுவதிலும் உள்ள கார்பனைப்போல 245 முதல் 385 மடங்கு. பூமியின் பாக்டீரியாக்களிலும், அவற்றைப்போலவே நுண்ணியதாயினும் தனிப் பிரிவான ஆர்க்கியாக்களிலும் ஏறத்தாழ 70 விழுக்காடு அங்கேதான். சூட்டுக்கு எல்லை உண்டு. இதுவரை ஆய்வகத்தில் வளர்ந்து காட்டிய உச்ச வெப்பம் 122 டிகிரி. மெத்தனோபைரஸ் என்ற ஆர்க்கியா அதைத் தாங்கியது.

மாதிரி எடுப்பதே பாதி வேலை

1926இல் சிகாகோ பல்கலைக்கழகப் புவியியலாளர் எட்சன் பாஸ்டின், எண்ணெய்க் கிணற்று நீரில் சல்பேட்டைச் சுவாசிக்கும் பாக்டீரியாக்கள் இருப்பதாக அறிவித்தார். மேலிருந்து துளையிடும்போது விழுந்தவை என்று சொல்லிப் பெரும்பாலோர் ஒதுக்கிவிட்டார்கள். 1980களில் அமெரிக்க எரிசக்தித் துறை தென் கரோலினாவில் கவனமாகத் துளையிட்டு எடுத்த பிறகே விஷயம் ஏற்கப்பட்டது. அறுபது ஆண்டு தாமதம். அன்று சந்தேகப்பட்டவர்களைக் குறை சொல்லவும் முடியாது. கணக்கைப் பார்த்தால் புரியும்.

ஆழத்து நீரில் மில்லிலிட்டருக்குப் பத்தாயிரம் உயிரணு இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டரில் ஒரு கோடி. துளையிடும் இயந்திரத்தைக் குளிர்விக்கவும் பொடியை மேலே கொண்டுவரவும் சுற்றவிடும் சேற்றுக் கரைசலில் மில்லிலிட்டருக்குப் பத்துக் கோடி உயிரணு இருப்பது சாதாரணம். அந்தச் சேற்றில் இரண்டு சொட்டு, அதாவது 0.1 மில்லிலிட்டர், மாதிரி லிட்டருக்குள் போனால் போதும்: உள்ளூர்வாசி ஒரு கோடி, வந்தேறி ஒரு கோடி. ஆய்வறிக்கை பாதிப் பொய்யாகிவிடும்.

அதனால் சேற்றிலேயே அடையாளம் கலக்கிறார்கள். மிகக் குறைந்த அளவிலும் கண்டுபிடிக்கக்கூடிய ஃபுளூரோகார்பன் திரவம் ஒன்று. பாக்டீரியா அளவிலேயே, சுமார் 0.5 மைக்ரான் விட்டமுள்ள, ஒளிரும் நுண்மணிகள் இன்னொன்று. திரவம் எவ்வளவு தூரம் பாறைக்குள் ஊறியது என்று முதலாவது சொல்லும். பாக்டீரியா அளவுப் பொருள் அதே தூரம் போனதா என்று இரண்டாவது சொல்லும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் நம்பலாம். மேலே வந்த பாறை உருளையின் வெளிப்புறத்தை, ஆக்சிஜன் படாத நைட்ரஜன் பெட்டிக்குள் செதுக்கி எறிந்துவிட்டு நடுப்பகுதியை மட்டும் எடுக்க வேண்டும். சேறு, துளையிடப் பயன்பட்ட நீர், வெறும் வேதிப்பொருள் ஆகியவற்றையும் அதே முறையில் பரிசோதித்து ஒப்பிட வேண்டும். டிஎன்ஏ பிரிக்கும் கிட்டுகளிலேயே பாக்டீரிய டிஎன்ஏ இருக்கும். உயிரணு அதிகமுள்ள மாதிரியில் அது தெரியாது. ஆழத்துப் பாறையில் அதுவே மேலோங்கிவிடும்.

நீர் மாதிரி என்றால் கிணறு முழுவதையும் இறைத்துப் பயனில்லை. வேண்டிய பிளவுக்கு மேலும் கீழும் ரப்பர் அடைப்பான்களை உப்பவைத்துத் தனிமைப்படுத்தி, அந்த இடைவெளியின் கொள்ளளவைப்போல் பல மடங்கு வெளியேற்றி, பிஎச்சும் மின்கடத்துதிறனும் மாறாமல் நிலைத்த பிறகு பிடிப்பார்கள்.

வடிகட்டியின் துளை அளவும் முக்கியம். 0.2 மைக்ரான் வடிகட்டியைத் தாண்டி எதுவும் போகாது என்பது மருத்துவமனை வழக்கம். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ரைஃபிள் என்ற ஊரின் நிலத்தடி நீரை அந்த வடிகட்டியில் விட்டு, தாண்டி வந்ததை 0.1 மைக்ரானில் பிடித்துப் பார்த்தது நுண்ணுயிரி ஆய்வாளர் ஜில் பான்ஃபீல்டின் குழு. 2015இல் அவர்கள் வெளியிட்டது 35க்கும் மேற்பட்ட பாக்டீரியப் பெரும்பிரிவுகள் கொண்ட ஒரு கூட்டம். பாக்டீரிய உலகின் பல்வகைமையில் 15 விழுக்காட்டுக்கு மேல் அதில் அடங்கலாம் என்று கணித்தார்கள். அத்தனை காலமும் வடிகட்டி வழியே கீழே ஓடிப்போனவை!

சலவைக் கரைப்பானைத் தின்னவைத்தல்

இந்தத் துறையில் காசு கொடுத்து வாங்கப்படும், பல நூறு இடங்களில் செய்து பார்க்கப்பட்ட பயன் ஒன்று உண்டு. டிரை கிளீனிங் கடைகளும் உலோகப் பாகங்களின் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் பட்டறைகளும் விட்ட குளோரின் கரைப்பான்களை நிலத்தடியிலேயே ஒழிப்பது. கிலோமீட்டர் ஆழத்து வேலையல்ல இது. பெரும்பாலும் சில பத்து மீட்டர்கள்தான். ஆனால் இருளிலும் ஆக்சிஜனின்மையிலும் இயங்கும் விதி அதே.

அந்தக் கரைப்பான்களில் ஒன்றான டெட்ராகுளோரோஎத்திலீன் நீரைவிடக் கனமானது. நிலத்தடி நீருக்கு அடியில் போய்க் குட்டையாகத் தேங்கிப் பல பத்தாண்டுகள் கசியும். அமெரிக்கக் குடிநீர் வரம்பு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்பதால், ஒரு பீப்பாய் கொட்டினாலே ஒரு ஊரின் கிணறுகள் கெடும். டிஹலோகாக்காய்டிஸ் என்ற பாக்டீரியா இதைச் சுவாசிக்கிறது. தீனி ஹைட்ரஜன்; மூச்சு இந்தக் கரைப்பான். ஒவ்வொரு படியிலும் ஒரு குளோரினைக் கழற்றி அங்கே ஹைட்ரஜனை மாட்டுகிறது. நான்கு குளோரின் மூன்றாகும், இரண்டாகும், ஒன்றாகும், கடைசியில் எத்திலீன். வாழைப்பழத்தைப் பழுக்கவைக்கும் அதே வாயு.

தீனியை அளப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஒரு மில்லிகிராம் ஹைட்ரஜன் சுமார் 21 மில்லிகிராம் டெட்ராகுளோரோஎத்திலீனை முழுதாக எத்திலீன் ஆக்கும். லிட்டருக்கு 2 மில்லிகிராம் மாசு இருந்தால் 0.1 மில்லிகிராம் ஹைட்ரஜன் போதும் என்று தோன்றும். ஆனால் அதே நீரில் வேறு மூச்சுகளும் இருக்கின்றன. 8 மில்லிகிராம் ஆக்சிஜன் ஒரு மில்லிகிராம் ஹைட்ரஜனைத் தின்னும். நைட்ரேட்டும் சல்பேட்டும் தலா 12 மில்லிகிராமுக்கு ஒரு மில்லிகிராம். நீரில் ஆக்சிஜன் 4, நைட்ரேட் 25, சல்பேட் 120 மில்லிகிராம் என்று வையுங்கள். முறையே 0.5, 2, 10 மில்லிகிராம் ஹைட்ரஜன் போட்டியாளர்களுக்கே போய்விடும். மொத்தத் தேவை 12.6, அதில் நாம் குறிவைத்த வேலைக்கு ஒரு விழுக்காடுகூட இல்லை. சல்பேட்டை அளக்காமல் மாசை மட்டும் பார்த்துத் தீனி போட்டால், காசெல்லாம் சல்பேட்டுக்குக் கரைந்துபோகும்.

ஹைட்ரஜனை வாயுவாகச் செலுத்துவது அரிது. புளிக்கவைத்தால் ஹைட்ரஜன் விடும் பொருளைச் செலுத்துவார்கள். சோடியம் லாக்டேட் ஒன்று: 22 மில்லிகிராம் லாக்டேட்டுக்கு ஒரு மில்லிகிராம் ஹைட்ரஜன். மேலே சொன்ன நீருக்கு லிட்டருக்கு 280 மில்லிகிராம்; களத்தில் இதைச் சில மடங்கு கூட்டிப் போடுவது வழக்கம். இன்னொன்று, நுண்துளிகளாக நீரில் கலக்கிய சோயா எண்ணெய். லாக்டேட் சில வாரங்களில் தீரும். எண்ணெய் மணல்மணிகளில் ஒட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் மெல்லப் புளிக்கும். மெல்லப் புளிப்பதில் ஒரு நுட்பமான ஆதாயம் உண்டு. டிஹலோகாக்காய்டிஸால் லிட்டருக்கு 2 நானோமோல் அளவுக்குத் தாழ்ந்த ஹைட்ரஜனையும் பிடிக்க முடியும். அதோடு போட்டியிடும் மீத்தேன் ஆக்கிகளுக்குச் சுமார் 10 நானோமோல் வேண்டும். தீனியைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தால் நம் ஆள் வயிறு நிறையும், எதிராளி பட்டினி. ஒரே நாளில் கொட்டினால் நிலத்தடியில் சாண எரிவாயுக் கலன்தான் உருவாகும்.

தீனி போட்ட உடனே பாக்டீரியாவை இறக்கக் கூடாது. ஆக்சிஜன் பட்டால் டிஹலோகாக்காய்டிஸ் செத்துவிடும். முதலில் உள்ளூர் பாக்டீரியாக்கள் ஆக்சிஜனையும் நைட்ரேட்டையும் தீர்க்கட்டும். நீரின் ஆக்சிஜனேற்ற மின்னழுத்தம் எதிர்க்குறிக்குப் போய், பிஎச் 6க்கும் 8க்கும் நடுவே நிற்கட்டும். அதன் பிறகு, அழுத்த வாயு அடைத்த எஃகுக் கலத்தில் வந்த வளர்ப்புக் கரைசலை, காற்றுப் படாமல் குழாய் வழியே நீர்மட்டத்துக்குக் கீழே விடுவார்கள். நல்ல கரைசலில் லிட்டருக்குப் பத்தாயிரம் கோடி உயிரணு. நிலத்தடி நீரில் லிட்டருக்கு ஒரு கோடி இருந்தால்தான் உருப்படியான வேகம் கிடைக்கும். ஆக, ஒரு லிட்டர் கரைசல் பத்தாயிரம் லிட்டர் நீருக்கு விதை. மற்றது அங்கே பெருக வேண்டும். டெக்ஸாஸில் கெல்லி விமானப்படைத் தளத்தில் டிஹலோகாக்காய்டிஸ் அடங்கிய கேபி-1 என்ற கூட்டுவளர்ப்பை இறக்கியதில், 200 நாட்களுக்குள் கரைப்பான்கள் 5 மைக்ரோகிராமுக்குக் கீழே இறங்கி எத்திலீன் மேலோங்கியதாக 2002இல் வெளியான ஆய்வு காட்டியது.

பிசகும் இடங்கள் தெரிந்தவைதான். முதல் இரண்டு குளோரினைக் கழற்றும் பாக்டீரியாக்கள் பல. கடைசி இரண்டையும் கழற்றுபவை மிகச் சில. அந்தச் சிலவும் இல்லையென்றாலோ, இருந்தும் கடைசிப் படியில் திணறினாலோ வேலை நடுவழியில், குளோரின் இரண்டு மிஞ்சிய நிலையிலோ ஒன்று மிஞ்சிய வினைல் குளோரைடிலோ, நின்றுவிடும். வினைல் குளோரைடு தொடக்கப் பொருளைவிடக் கொடியது. மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி, வரம்பு 2 மைக்ரோகிராம். அரைகுறை வேலை, செய்யாத வேலையைவிட ஆபத்து. டிஹலோகாக்காய்டிஸ் இருக்கிறது என்ற ஆய்வக அறிக்கையும் போதாது. அந்த இனத்தின் எல்லா வகைகளாலும் வினைல் குளோரைடைச் சுவாசித்து வளர முடியாது. 1997இல் முதலில் பிரித்தெடுக்கப்பட்ட 195 என்ற வகையாலேயே முடியாது. வினைல் குளோரைடை மாற்றும் நொதிகளுக்கான விசிஆர்ஏ, பிவிசிஏ என்ற மரபணுக்கள் உள்ளனவா என்று கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்தது புளிப்பு. தீனி நொதிக்கும்போது அமிலம் சேரும்; பிஎச் 6க்குக் கீழே போனால் வேலை ஏறக்குறைய நின்றுபோகும். சுண்ணாம்புச் சத்து இல்லாத மணல் நிலங்களில் இது அடிக்கடி நேரும். ஆப்ப சோடா, அதாவது சோடியம் பைகார்பனேட், கலந்து விடுவதுதான் வழி. பிறகு, கிணற்று வாயில் அடைப்பு. தீனி முதலில் படும் இடத்தில் பாக்டீரியாக்கள் வழவழப்பான படலமாக வளர்ந்து சல்லடைக் குழாயை மூடும். தொடர்ந்து மெல்லச் செலுத்துவதைவிட, செறிவாகச் சிறிது நேரம் செலுத்திவிட்டு வெறும் நீரால் தள்ளிவிட்டால் அடைப்பு குறைகிறது.

ஒரே பாக்டீரியா, இரண்டு ஊர்

ரைஃபிளில் முன்பு யுரேனியம் தாதுவை ஆட்டிய ஆலை இருந்தது. அங்கே நிலத்தடி நீரில் கரைந்திருந்த யுரேனியத்தைப் பிடிக்க நுண்ணுயிரியலாளர் டெரிக் லவ்லியின் குழு 2002இல் அசிடேட்டைச் செலுத்தியது. அசிடேட் வினிகரின் உப்பு, விலை மலிவு. ஜியோபாக்டர் என்ற பாக்டீரியா அதைத் தின்று, கரையும் யுரேனியத்தைக் கரையாத வடிவமாக்கியது. ஒன்பது நாட்களிலேயே சில கிணறுகளில் அளவு விழத் தொடங்கியது. ஏறத்தாழ 50 நாள் கழித்து மறுபடி ஏறியது. ஜியோபாக்டர் தன் முதன்மை மூச்சான இரும்பு ஆக்சைடை உட்செலுத்தும் குழாய்களுக்கு அருகே தீர்த்துவிட, சல்பேட் சுவாசிகள் இடம்பிடித்து அசிடேட்டைத் தின்றுவிட்டன. இரும்பு தீர்வதற்குள் நிறுத்தவோ அளவைத் திருத்தவோ வேண்டும் என்பதே பாடம்.

ஜியோபாக்டரையும் அதன் உறவினர்களையும் வங்காளத்துக்குக் கொண்டுவாருங்கள். கங்கைச் சமவெளி வண்டலில் இரும்பு ஆக்சைடின் மேல் ஆர்செனிக் ஒட்டியிருக்கிறது. அதே இரும்பைச் சுவாசிக்கும் வினையில் அது கழன்று நீரில் கரைகிறது. மேற்கு வங்க வண்டலை எடுத்து அசிடேட் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2004இல் இதைத் தெளிவாகக் காட்டியது. கொலராடோவில் நன்மை செய்த தீனி, அங்கே கோடிக்கணக்கானோர் குடிக்கும் நீரில் நஞ்சை அவிழ்த்துவிடும் தீனி. அதனால்தான் எந்த இடத்திலும் தீனி போடும் முன் வண்டலின் இரும்பையும் ஆர்செனிக்கையும் சோதிக்க வேண்டும் என்று இந்தத் துறையினர் அடித்துச் சொல்கிறார்கள்.

மூச்சை மாற்றிக் கொடுத்து வேலை வாங்குவதும் உண்டு. எண்ணெய் வயலில் அழுத்தம் குறையும்போது கடல்நீரைச் செலுத்துவார்கள். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 2,700 மில்லிகிராம் சல்பேட். ஆழத்துச் சல்பேட் சுவாசிகளுக்கு அது திருவிழா. எண்ணெயிலுள்ள கரிமப் பொருளைத் தின்று ஹைட்ரஜன் சல்பைடை விடுகின்றன. குழாய் அரிக்கும், ஆளைக் கொல்லும். நச்சு மருந்து ஊற்றிப் பார்த்துச் சலித்த பிறகு, நார்வேயின் வெஸ்லெஃப்ரிக், குல்ஃபாக்ஸ் கடல் வயல்களில் 1999இல் நைட்ரேட்டுக்கு மாறினார்கள். சல்பேட்டைவிட நைட்ரேட் அதிக ஆற்றல் தரும் மூச்சு. அதைச் சுவாசிப்பவை பெருகித் தீனியைப் பிடுங்கிக்கொள்கின்றன. கொல்லாமல் பட்டினி போடும் இந்த வழி, மருந்து ஊற்றுவதைவிடப் பலமுறை நன்றாக வேலை செய்திருக்கிறது.

ஹைட்ரஜனை நிலத்தடியில் வைக்கலாமா?

காற்றாலையும் சூரியத் தகடும் மிகுதியாகத் தரும் நாட்களில் நீரைப் பிளந்து ஹைட்ரஜன் எடுத்து நிலத்தடியில் தேக்கலாம் என்று பல நாடுகள் திட்டமிடுகின்றன. ஹைட்ரஜன் ஆழத்து உயிர்களுக்கு முதல்தரத் தீனி என்பதை மறந்துவிட்டால் நட்டம்தான்.

செக் நாட்டின் லோபொதிட்சேயில் சில நூறு மீட்டர் ஆழ நீர்த்தாங்கி மணற்பாறையில், நிலக்கரியிலிருந்து எடுத்த நகர எரிவாயுவைத் தேக்கி வைத்திருந்தார்கள். உள்ளே போனபோது ஹைட்ரஜன் 54 விழுக்காடு, மீத்தேன் 22. ஏழு மாதம் கழித்து எடுத்தபோது ஹைட்ரஜன் 37, மீத்தேன் 40. வாயுவின் மொத்த அளவும் சுருங்கியிருந்தது. ஆகவே உண்மையான இழப்பு இந்த எண்கள் காட்டுவதைவிட அதிகம், ஹைட்ரஜனில் கிட்டத்தட்டப் பாதி. நான்கு ஹைட்ரஜன் மூலக்கூறும் ஒரு கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்து ஒரு மீத்தேனும் இரண்டு நீரும் ஆகும் வினை இது. மீத்தேன் ஆக்கும் ஆர்க்கியாக்கள் அங்கேயே வாழ்ந்துகொண்டிருந்தன.

இதை இழப்பு என்றும் சொல்லலாம், இலவச வேதிப்பட்டறை என்றும் சொல்லலாம். ஆஸ்திரியாவின் ஆர்ஏஜி நிறுவனம் இரண்டாவதைத் தேர்ந்தது. எரிவாயு தீர்ந்த, சுமார் ஒரு கிலோமீட்டர் ஆழ மணற்பாறைக்குள் ஹைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் செலுத்தி, உள்ளூர் ஆர்க்கியாக்களைக் கொண்டே மீத்தேன் ஆக்க முடியும் என்று கள அளவில் செய்துகாட்டியது. ஏற்கெனவே இருக்கும் குழாய்களிலும் அடுப்புகளிலும் அப்படியே பயன்படும் வாயு அது.

ஹைட்ரஜனை ஹைட்ரஜனாகவே திரும்பப் பெற வேண்டுமானால் உப்புக் குகை நல்லது. இங்கிலாந்தின் டீஸைடில் 1970களிலிருந்து அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். செறிவான உப்புநீரில் உயிர் வாழ்வதே பெரும் செலவு என்பதால் தின்பவர்கள் குறைவு. அறவே இல்லை என்று சொல்ல முடியாது. மணற்பாறைதான் கிடைக்கிறது என்றால், சூடு, உப்பு, சல்பேட், கார்பனேட், இரும்புக் கனிமம் ஆகிய ஐந்தையும் அளக்காமல் முடிவெடுக்கக் கூடாது. சல்பேட் மிகுந்தால் மீத்தேனுக்குப் பதில் ஹைட்ரஜன் சல்பைடு வரும். என் கணிப்பில், சுமார் 90 டிகிரிக்கு மேல் சூடான தேக்கங்கள் இதற்குப் பாதுகாப்பானவை. நுண்ணுயிரிகளின் வேகம் அங்கே வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

கார்பன் டை ஆக்சைடைப் புதைக்கும்போதும் இவை குறுக்கே வரும். ஐஸ்லாந்தின் ஹெல்லிஷெய்டியில் அந்த வாயுவை நீரில் கரைத்து, எரிமலைக் குழம்பு இறுகிய பசால்ட் பாறைக்குள் செலுத்தியதில், 95 விழுக்காட்டுக்கு மேல் இரண்டு ஆண்டுக்குள் கல்லாகிவிட்டது. அது பாறையின் வேதியியல். ஆனால் செலுத்திய பிறகு இரும்பை உண்ணும் பாக்டீரியாக்கள் அங்கே திடீரெனப் பெருகியதை 2017இல் பதிவு செய்தார்கள். கல்லாக வேண்டிய இரும்பை அவை துருவாக்கும், துளைகளையும் அடைக்கும். தக்காணத்தின் பரந்த பசால்ட்டை இதற்குப் பயன்படுத்தும் பேச்சு இங்கேயும் உண்டு. மகாராஷ்டிரத்தின் கொய்னாவில் நிலநடுக்க ஆய்வுக்காக மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்குப் போட்ட துளையிலிருந்து எடுத்த பாறைகளில், கரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் நுண்ணுயிரிகளைத் தேடி வருவது இந்த வகையிலும் மதிப்புள்ள வேலை.

புதிய மருந்து, புதிய நொதி என்ற வாக்குறுதிகளைச் சற்று நிதானமாகவே பார்க்க வேண்டும். உறுதியான உதாரணம் ஒன்று, காஸ்எக்ஸ் என்ற மரபணு வெட்டி. நிலத்தடி நீர் பாக்டீரியாக்களின் டிஎன்ஏவிலிருந்து 2017இல் கண்டெடுத்தது. சுமார் 980 அமினோ அமிலங்கள்தான். புகழ்பெற்ற மரபணு வெட்டியான காஸ்9க்கு 1,368. சிறியது என்பதால் உயிரணுக்குள் கொண்டுசேர்ப்பது எளிது. நியூ மெக்சிகோவின் லெச்சுகியா குகையிலோ வேறு செய்தி. நாற்பது லட்சம் ஆண்டுகள் வெளியுலகத் தொடர்பற்றிருந்த அந்தக் குகை பாக்டீரியாக்களில் ஒன்று 14 ஆன்டிபயாடிக் மருந்துகளைத் தாங்கியது. மருந்து எதிர்ப்பு நம் மருந்துக் கடைகளுக்கு முந்தையது.

ராணிப்பேட்டை

நம் ஊருக்கு இதில் நேரடியான பங்கு உண்டு. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒன்று ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவை விட்டுச்சென்றது. அதிலிருந்து ஆறிணைதிற குரோமியம், அதாவது குரோமியத்தின் நீரில் கரையும் நச்சு வடிவம், நிலத்தடி நீரில் இறங்கிக்கொண்டிருக்கிறது. இதையும் சுவாசிக்கும், அல்லது இரும்பைச் சுவாசித்து அந்த இரும்பால் குரோமியத்தை மாற்றும் பாக்டீரியாக்கள் எல்லா மண்ணிலும் இருக்கின்றன. மூவிணைதிறமாகிவிட்டால், பிஎச் 6க்கும் 9க்கும் இடையே அது ஹைட்ராக்சைடாகப் படிந்து நீரைவிட்டு விலகும். தீனிக் கணக்கும் பயமுறுத்துவதல்ல: 17 மில்லிகிராம் குரோமியத்துக்கு ஒரு மில்லிகிராம் ஹைட்ரஜன். சர்க்கரை ஆலையில் மிஞ்சும் பாகான மொலாசஸே போதும்.

தடை வேறு இடத்தில். சுண்ணாம்பு சேர்த்து வறுத்த குரோமேட் கழிவின் பிஎச் 11, 12 என்று இருக்கும். குவியலுக்கு அடியிலேயே போய் மொலாசஸ் ஊற்றினால் பாக்டீரியா அசையாது. குவியலை முதலில் அகற்றவோ, மழைநீர் இறங்காமல் மூடவோ செய்து, நீர் ஓட்டத்தின் கீழ்த்திசையில் பிஎச் இறங்கிய வரிசையில்தான் தீனிக் கிணறுகள் போட வேண்டும். அது கடினப் பாறைப் பகுதி. நீர் பிளவு வழியேதான் ஓடும். ஆகவே தீனிக்கு முன்னால் புரோமைடு உப்பைக் கரைத்து விட்டு, எந்தக் கிணற்றில் எத்தனை நாளில் வருகிறது என்று பார்த்தாக வேண்டும். பாறையில் மாங்கனீசு ஆக்சைடு கறுப்புப் படலமாக இருந்தால் அது படிந்த குரோமியத்தை மறுபடி ஆறிணைதிறமாக்கிவிடும். அதனால் தீனியை நிறுத்திய பிறகும், ஆறிணைதிற குரோமியத்தையும் மொத்தக் குரோமியத்தையும் தனித்தனியே, குறைந்தது இரண்டு மழைக்காலம் கடக்கும்வரை அளந்துகொண்டே இருக்க வேண்டும். குடிநீருக்கான இந்திய வரம்பு, மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்.